மிட்டாய் டப்பாவுக்குள் ஒன்பது வோல்ட்

ஆல்டாய்ட்ஸ் என்றொரு புதினா மிட்டாய் உண்டு. இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் பேர்பெற்றது. மிட்டாய் தீர்ந்த பிறகும் அதன் தகர டப்பாவைத் தூக்கிப்போட யாருக்கும் மனம் வராது. கீல் வைத்த மூடி, உள்ளங்கையில் அடங்கும் அளவு. 1998-இல் சூ மோய் என்பவர் ஹெட்வைஸ் என்ற இணையதளத்தில் ஒரு சின்ன மின்சுற்றின் வரைபடத்தை வெளியிட்டார். ஒரு 9 வோல்ட் பேட்டரி, ஒரு ஐசி, கைப்பிடியளவு மின்தடைகளும் மின்தேக்கிகளும், ஒரு வால்யூம் திருகு, அவ்வளவுதான். அதைச் செய்து பார்த்தவர்களில் பலர் பெட்டி தேடி அலையாமல் அந்த மிட்டாய் டப்பாவையே எடுத்துக்கொண்டார்கள். பேட்டரி அளவெடுத்தாற்போல் உள்ளே உட்கார்ந்தது. வெளியிலிருந்து வரும் மின்காந்த இரைச்சலைத் தகரமும் ஓரளவு தடுத்தது. ‘சிமோய்’ என்று பெயர் விழுந்துவிட்ட இந்தக் கருவிதான் பலருக்கு சால்டரிங் பழகிய முதல் வேலை.

இன்று கடைக்கு வரும் கையடக்க ஹெட்போன் ஆம்ப்ளிஃபயர்களுக்கு அலுமினிய உடம்பு, வண்ண விளக்கு, டைப்-சி துளை எல்லாம் வந்துவிட்டன. ஒலியில் தேன் கலக்கும் பெட்டி என்கிற மாதிரி விளம்பரம் செய்கிறார்கள். திறந்து பார்த்தால், உள்ளே பாதி இடம் பேட்டரிக்கு. மீதியில் பெரும்பங்கு அந்தப் பேட்டரியை ஏற்றவும், காக்கவும், அதன் வோல்ட்டை உயர்த்தவும் இருக்கிற சுற்றுகள். இசை ஓடும் பாதை ஒரு ஓரத்தில் சில சென்டிமீட்டர்தான். இதை ஒரு மின்சாரப் பெட்டியாகப் பார்க்கத் தொடங்கினால், யாருக்கு இது தேவை, ஏன் இரைகிறது, ஏன் இரண்டு வருஷத்தில் படுத்துவிடுகிறது என்ற கேள்விகளுக்கெல்லாம் ஒழுங்காகப் பதில் கிடைக்கிறது.

முதல் கேள்வி, போனிலேயே பாட்டு கேட்கும்போது நடுவில் இன்னொரு பெட்டி எதற்கு?

சோனி வாக்மேன் 1979 ஜூலையில் விற்பனைக்கு வந்தபோது அதனுடன் இறகு போன்ற லேசான ஹெட்போன் ஒன்றையும் கொடுத்தார்கள். இரண்டு சிறு பேட்டரிகளில் ஓடும் கருவிக்கு ஏற்றபடி, சில மில்லிவாட் கொடுத்தாலே போதுமான சத்தம் தரும் வகை அது. நடந்துகொண்டே கேட்பவர்களின் ஹெட்போன்கள் அன்றிலிருந்து அந்த வழியிலேயே வந்தன. ஒலிப்பதிவுக் கூடங்களிலும் வீட்டு ஸ்டீரியோக்களிலும் பயன்பட்ட ஹெட்போன்கள் வேறு குடும்பம். மின்தடை 250, 300, 600 ஓம் என்று இருக்கும். கடைசி எண்ணுக்குத் தொலைபேசிக் காலத்துச் சொந்தம் உண்டு. பழைய தொலைபேசிப் பொறியாளர்கள் 600 ஓமையும் 1 மில்லிவாட்டையும் அடிப்படையாக வைத்துத்தான் எல்லாவற்றையும் அளந்தார்கள்.

சென்ஹைசரின் எச்.டி. 600-ஐ எடுத்துக்கொள்வோம். 1997-இல் வந்தது, இன்றும் விற்கிறது. 300 ஓம். 1 வோல்ட் கொடுத்தால் காதில் 97 டெசிபல் கேட்கும் என்று நிறுவனமே குறிப்பிடுகிறது. 97 என்றால் காது கிழியுமே என்று தோன்றும். ஆனால் இசை ஒரே மட்டத்தில் ஓடுவதில்லை. சராசரி 80 டெசிபலில் கேட்டாலும், தனியாவர்த்தனத்தில் மிருதங்கத்தின் ஓர் அறையோ, மேற்கத்திய வாத்தியக்குழு மொத்தமாக எழும்பும் இடமோ அந்தச் சராசரியைத் தாண்டி 20, 25 டெசிபல் எகிறும். அந்த நொடியின் சிறு துண்டுக்காகக் கொஞ்சம் தாராளமாக 110 டெசிபல் வரை கையிருப்பு வைக்க வேண்டுமென்றால் 13 டெசிபல் கூடுதலாக வேண்டும். கணக்குப் போட்டால் ஏறக்குறைய நாலரை வோல்ட்.

போனில் இது கிடைக்குமா? ஆப்பிளின் டைப்-சி ஹெட்போன் அடாப்டர் அதிகபட்சம் 1 வோல்ட் தருகிறது. அதே அடாப்டர் ஐரோப்பாவில் விற்கும்போது அரை வோல்ட்தான். அரை வோல்ட்டில் எச்.டி. 600-இன் உச்சமே 91 டெசிபல். சராசரி 70-ஐ ஒட்டி நிற்கும். அமைதியான அறையில் போதும், பேருந்தில் ஒன்றும் கேட்காது.

ஐரோப்பாவுக்கு ஏன் இந்தப் பாரபட்சம் என்றால், அதற்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. கையடக்க இசைக் கருவிகள் 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று பிரான்ஸ் 1990-களிலேயே விதித்துவிட்டது. 2002-இல் ஐபாட் அந்த வரம்பை மீறுகிறது என்ற பிரச்சினை எழுந்து பிரான்ஸில் அதன் விற்பனையே நின்றது. மென்பொருளால் சத்தத்தைக் கட்டிப்போட்ட பிறகுதான் மறுபடி கடைக்கு வந்தது. பிறகு வந்த ஐரோப்பியத் தரநிலை, எந்த ஹெட்போனுடன் சேரும் என்று தெரியாத கருவிகளுக்கு 150 மில்லிவோல்ட் என்ற உச்சவரம்பைக் குறித்தது. சாதாரண இயர்போனுக்கு அது நியாயம்தான். எச்.டி. 600-க்கு அந்த 150 மில்லிவோல்ட் 80 டெசிபலைச் சற்றே தாண்டவைக்கும், அதுவும் உச்சத்தில். காதைக் காக்க வந்த விதி ஆம்ப் விற்பவர்களுக்கு ஒரு சந்தையைத் திறந்துவிட்டது என்றும் சொல்லலாம்.

வோல்ட் மட்டும் இருந்தால் போதாது. ஹைஃபைமேன் நிறுவனத்தின் எச்.இ.-6 என்ற ஹெட்போனில் சுருள்கம்பிக்குப் பதிலாக மெல்லிய படலத்தின் மேல் மின்தடம் ஓடும். 50 ஓம், 1 மில்லிவாட்டுக்கு 83.5 டெசிபல். படுசோம்பேறி. அதை 110 டெசிபலுக்கு ஏற்ற சுமார் 450 மில்லிவாட் வேண்டும். வோல்ட் கணக்கில் அது 4.7, எச்.டி. 600 கேட்டதை ஒட்டித்தான். மின்னோட்டக் கணக்கிலோ எச்.டி. 600-க்கு 15 மில்லி ஆம்பியர், இதற்கு 95. ஆறு மடங்குக்கு மேல். ‘என் ஆம்ப் 600 ஓம் ஹெட்போனையே தள்ளுகிறது, 50 ஓம் எம்மாத்திரம்’ என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் உண்டு. ஓம் குறையக் குறைய வேலை சுலபமாகும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் கிடையாது.

இதற்கு நேர் எதிர்முனையில் காதுக்குள் செருகும் வகை. ஷூரின் எஸ்.இ.846-க்கு 9 ஓம், 1 மில்லிவாட்டுக்கு 114 டெசிபல். இதை 110 டெசிபலுக்குக் கொண்டுபோக அறுபது மில்லிவோல்ட் போதும். எந்தப் போனும் தந்துவிடும். சிமோய் போல 11 மடங்கு பெருக்கும் ஒரு கருவியில் இதைச் செருகினால் பாட்டு பெருகுவதோடு, பெருக்கியின் சொந்த இரைச்சலும் ‘ஸ்ஸ்’ என்று பாட்டுக்குப் பின்னால் கேட்கத் தொடங்கும். வால்யூம் திருகைத் துளி நகர்த்தினாலே அலறும். அந்தத் தொடக்கப் பகுதியில்தான் திருகின் இரண்டு தடங்களும் சமமாக இருக்காது, இடது காது சற்றுக் கூடவும் வலது குறையவும் கேட்கும். பொருந்தாத ஜோடிக்குக் காசு செலவழிப்பதைவிட, ஆம்பே இல்லாமல் இருப்பது மேல்.

பெரும்பாலான கருவிகளில், பெருக்கும் அளவை மாற்ற ‘கெயின்’ என்று ஒரு சிறு பொத்தான் இருப்பது இதற்காகத்தான். குறைந்த கெயினில் தொடங்குவதே முறை. திருகைப் பாதிக்கு மேல் திருப்பியும் சத்தம் போதவில்லை என்றால்தான் உயர் கெயினுக்குப் போக வேண்டும். உயர் கெயினில் ஒலி ‘உயிரோட்டமாக’ இருக்கிறது என்பார்கள். சத்தம் கூடினாலே நம் காதுக்கு எல்லாமே நன்றாகக் கேட்கும், இதில் கருவிக்குப் பங்கு குறைவு.

இன்னொரு பழக்கமும் கவனிக்க வேண்டியது. போனின் ஹெட்போன் துளையிலிருந்து ஆம்புக்கு வயர் போட்டால், ஏற்கெனவே ஒருமுறை பெருக்கப்பட்டதைத்தான் மறுபடி பெருக்குகிறோம். ஐபாட் காலத்தில் இதைத் தவிர்க்க அதன் அடியில் இருந்த 30 பின் இணைப்பிலிருந்து நேரடியாக ஒலியை எடுக்கும் குட்டை வயர்களைச் செய்து விற்றார்கள். ஐபாடும் ஆம்பும் முதுகோடு முதுகாக, ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கிய ஒரு கட்டு. சட்டைப் பையில் வைத்தால் சட்டையே ஒரு பக்கம் தொங்கும். இன்று டிஜிட்டல் தரவையே யூ.எஸ்.பி. வழியாக வாங்கி, ஒலியாக மாற்றிப் பெருக்கும் கருவிகள் வந்துவிட்டதால் அந்த வயர் வேலை ஒழிந்தது. ஹெட்போன் துளையிலிருந்துதான் எடுத்தாக வேண்டும் என்றால், போனின் சத்தத்தை உச்சத்துக்கு ஒட்டி வைத்துவிட்டு ஆம்பின் திருகில் கட்டுப்படுத்துவது நல்லது, இரைச்சல் அடங்கும். ஆம்பை ஆன் செய்து சில நொடி கழித்து ஹெட்போனைக் காதில் மாட்டுவதும் நல்லது. சில கருவிகள் ஆன் ஆகும்போது ‘டொப்’ என்று ஓர் அடி அடிக்கும்.

இனி பேட்டரிக்கு வருவோம். சத்தமாக வைத்தால் பேட்டரி சீக்கிரம் தீரும் என்பதே பொதுவான எண்ணம். ஹெட்போன் ஆம்பில் அது அவ்வளவாகப் பொருந்தாது. சாதாரணமாகக் கேட்கும்போது ஹெட்போனுக்குள் போகும் சராசரி சக்தி ஒரு மில்லிவாட்டைக்கூட எட்டாது. பேட்டரியைத் தின்பது, பாட்டே ஓடாவிட்டாலும் ஐசிகள் விழித்திருக்க வாங்கிக்கொண்டிருக்கும் மின்னோட்டம். சிமோயில் அது விளக்கோடு சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு மில்லி ஆம்பியர். ஒரு நல்ல அல்கலைன் 9 வோல்ட் பேட்டரி நாற்பது மணி நேரம் வரை தாங்கும். பாட்டை நிறுத்திவிட்டு ஆம்பை அணைக்க மறந்து தூங்கினால், இரவு முழுக்கக் கேட்டதற்குச் சமமான பேட்டரி போயிருக்கும்.

இதன் சுவையான உதாரணம் ‘ஓ2’ என்ற ஆம்ப். 2011-இல், தன் பெயரை வெளியிடாமல் ‘என்.டபிள்யூ.ஏ.வி. கை’ என்ற புனைபெயரில் இணையத்தில் எழுதிவந்த ஒருவர் இதை வடிவமைத்து, வரைபடத்தை இலவசமாக வெளியிட்டார். ஆயிரம் டாலர் ஆம்ப்களின் புகழெல்லாம் வெறும் பேச்சு, அளவீட்டில் நிற்கும் கருவியைச் சில பத்து டாலரில் செய்யலாம் என்பது அவர் வாதம். செய்தும் காட்டினார். பல நிறுவனங்கள் அதைத் தயாரித்து விற்றன. 2012-இல் அவர் திடீரென்று எழுதுவதை நிறுத்திவிட்டார். யார், எங்கே போனார் என்பது இன்றுவரை பொதுவெளியில் தெரியாது.

ஓ2-க்குள் இரண்டு 9 வோல்ட் பேட்டரிகள். ஒலி அலை மேலும் கீழும் ஆடுவதால் பெருக்கிக்கு நேர் மின்னழுத்தமும் வேண்டும், எதிர் மின்னழுத்தமும் வேண்டும். சூ மோய் ஒரே பேட்டரியை இரண்டு மின்தடைகளால் நடுவில் பிரித்துச் சமாளித்தார். ஓ2-வில் நேருக்கு ஒன்று, எதிருக்கு ஒன்று. இறுதிக் கட்டத்தில் 4556 என்ற மலிவான ஐசிகள், ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டு பெருக்கிகள் இணையாக. ஒன்று 70 மில்லி ஆம்பியர் தரும் என்பதால் இரண்டு சேர்ந்தால் சோம்பேறி ஹெட்போன்களையும் அசைக்கலாம். விலையாகக் கொடுப்பது, சும்மா இருக்கும்போதே இருபது மில்லி ஆம்பியருக்கு மேல். ரீசார்ஜ் செய்யும் 9 வோல்ட் பேட்டரிகளின் கொள்ளளவு 200 மில்லி ஆம்பியர் மணியை ஒட்டி என்பதால் சுமார் எட்டு மணி நேரம் ஓடும்.

இரண்டு பேட்டரி வைத்தால் புதிதாக ஓர் ஆபத்து வரும். ஒன்று முன்னால் தீர்ந்துவிட்டால் மற்றது மட்டும் வேலை செய்யும். ஆடாத நேர்மின்சாரம் ஒரு பக்கமாக ஹெட்போன் சுருளுக்குள் பாயும். பாட்டு கேட்காது, சுருள் சூடேறும், சில ஆயிரம் ரூபாய் ஹெட்போன் ஒரு பேட்டரியால் கெட்டுப்போகும். ஓ2-வில் மின்னழுத்தத்தைக் கண்காணிக்கும் ஒரு சுற்று இருக்கிறது. குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால் இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் துண்டித்துவிடும். பெருக்கியைவிட இந்தக் காவல் ஏற்பாட்டில்தான் வடிவமைப்பாளரின் கைத்திறன் தெரிகிறது என்பேன்.

ஓ2-வின் பேட்டரிகளை ஏற்றும் முறையும் எளிமை. சுவரிலிருந்து ஒரு டிரான்ஸ்பார்மர் அடாப்டர், ஒரு மின்தடை வழியாகச் சொட்டுச் சொட்டாக மின்சாரம், இரவோடு இரவாக நிரம்பும். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி இந்தச் சொட்டு நீரைப் பொறுத்துக்கொள்ளும். அல்கலைன் பேட்டரியைப் போட்டுவிட்டு அடாப்டரைச் செருகினால் மட்டும் விபரீதம். ஏற்றக் கூடாத பேட்டரிக்குள் மின்சாரம் ஏறி அது கசியலாம், வெடிக்கவும் செய்யலாம்.

லித்தியம் வந்தபோது இந்த எளிமை போயிற்று. 1991-இல் சோனி சந்தைக்குக் கொண்டுவந்த லித்தியம் அயனி பேட்டரியைக் கண்டடைந்த பணிக்காக 2019-இல் குடெனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவரும் நோபல் பெற்றார்கள். எடைக்கு எடை நிறைய சக்தி பிடிக்கும். பதிலுக்கு ஒழுக்கம் கேட்கும். பேட்டரியின் ஓர் அறைக்கு (செல்) 3.7 வோல்ட். அதிலிருந்து நேர், எதிர் இரண்டையும் உண்டாக்க ஆம்புக்குள் வோல்ட் உயர்த்தும் சுற்று தனியாக வேண்டும். சீனாவின் குவாங்சோவில் 2007-இல் தொடங்கிய ஃபீயோ நிறுவனம் இந்தச் சந்தையை நடுத்தர விலைக்கு இறக்கியது. தன் கருவிகளுக்கு ஃபூஜியாமா, கிளிமஞ்சாரோ, குன்லுன் என்று மலைகளின் பெயர் வைத்தது. மோன் பிளாங்க் என்ற இ12 மாடலுக்கு மட்டும் 15 வோல்ட் தனி அடாப்டர் கொடுத்தார்கள். தாராளமான சக்தி, ஆனால் பயணத்தில் அந்த அடாப்டரை மறந்தால் கருவியே சுமைதான்.

லித்தியம் அறை ஏறுவது டவுன் பஸ்ஸில் கூட்டம் ஏறுவது மாதிரி. முதலில் மடமடவென்று ஏறும், கடைசியில் படிக்கட்டில் ஒவ்வொருவராகத்தான் நுழைக்க முடியும். அறை 4.2 வோல்ட்டை எட்டும் வரை சார்ஜிங் ஐசி ஒரே சீரான மின்னோட்டத்தைத் தள்ளுகிறது. அதற்குப் பிறகு வோல்ட்டை அங்கேயே பிடித்துக்கொண்டு மின்னோட்டத்தைக் குறைத்துக்கொண்டே போகிறது. தொடக்கத்தில் தள்ளியதில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியதும் ‘நிரம்பிவிட்டது’ என்று நிறுத்துகிறது. கருவியின் விளக்கு நிறம் மாறுவது இந்தக் கணத்தில்.

65 வாட் சார்ஜர் வாங்கிப் போட்டால் ஆம்ப் சீக்கிரம் ஏறுமா என்று கேட்பவர்களுக்குப் பதில் இதற்குள்ளேயே இருக்கிறது. எவ்வளவு வாங்குவது என்று முடிவெடுப்பது கருவிக்குள் இருக்கும் ஐசி. சார்ஜர் எவ்வளவு தரத் தயாராக இருந்தாலும் அது தனக்குத் தேவையானதைத்தான் எடுத்துக்கொள்ளும். 2,200 மில்லி ஆம்பியர் மணி பேட்டரியும் 500 மில்லி ஆம்பியர் ஏற்றமும் என்றால் ஐந்து மணி நேரத்தை ஒட்டித்தான் ஆகும். அவசரப்பட்டுப் பயனில்லை.

பெரிய சார்ஜரில் போட்டால் ஏறவே மறுக்கும் கருவிகளும் உண்டு. டைப்-சி துளைக்குள் இரண்டு முனைகளில் 5.1 கிலோ ஓம் மின்தடைகள் இருக்க வேண்டும். இரு பக்கமும் டைப்-சி உள்ள வயரைச் செருகியதும் சார்ஜர் முதலில் அந்த மின்தடைகளைத்தான் தேடும். இருந்தால்தான் 5 வோல்ட்டைத் திறந்துவிடும். சில பைசா மிச்சம் பிடிக்க அவற்றை விட்டுவிட்ட தயாரிப்பாளர்கள் இருக்கிறார்கள். அந்தக் கருவிகள் பழைய செவ்வக வாய் சார்ஜரும் அதற்கான வயரும் போட்டால் ஏறும், புது சார்ஜரில் உயிரே வராது. கெட்டுப்போய்விட்டது என்று திருப்பிக் கொடுக்கப்பட்ட எத்தனையோ கருவிகளின் ‘நோய்’ இதுதான். பெரிய இடத்திலும் இது நடந்திருக்கிறது. 2019-இல் வந்த ராஸ்பெரி பை 4 கணினியின் முதல் பலகைகளில் இரண்டு முனைக்கும் சேர்த்து ஒரே மின்தடை வைத்துவிட்டார்கள். சில்லு பதித்த உயர்தர வயர்களோடு அது உயிர்பெற மறுத்தது. பிறகு பலகையைத் திருத்தினார்கள். ஆகவே பழைய சார்ஜர் ஒன்றை வீட்டில் வைத்திருப்பது கஞ்சத்தனம் ஆகாது.

பவர் பேங்க்கில் போட்டால் வேறொரு தொல்லை. எடுக்கும் மின்னோட்டம் மிகவும் குறைந்தால் ‘யாரும் இல்லை போல’ என்று நினைத்துப் பல பவர் பேங்க்குகள் தாமே அணைந்துவிடும். சிறிய ஆம்பின் கடைசிக் கட்டம் அப்படிப்பட்ட குறைந்த மின்னோட்டம்தான். காலையில் பார்த்தால் நிரம்பாமல் கிடக்கும்.

சார்ஜ் போட்டுக்கொண்டே கேட்கலாமா? கேட்கலாம் என்றுதான் விளம்பரம் சொல்லும். பல கருவிகளில் அப்போதுதான் ஒரு மெல்லிய ரீங்காரமோ கீச்சென்ற ஒலியோ பாட்டுக்குள் நுழைகிறது. மூலகாரணத்தைப் புறங்கையாலேயே உணரலாம். இரண்டு பின் சார்ஜரில் ஏறிக்கொண்டிருக்கும் உலோக உடம்புள்ள லேப்டாப்பையோ போனையோ புறங்கையால் லேசாக வருடினால் தோலில் ஒரு நடுக்கம், சொரசொரப்பு தெரியும். சார்ஜரின் இரு பக்கங்களையும் இணைக்கும் ஒரு சிறு மின்தேக்கி வழியாகச் சுவர் மின்சாரத்தின் மிகமிகச் சிறு பகுதி கசிவதால் வருவது அது. ஆபத்து இல்லாத அளவுதான். ஆனால் அறுபது மில்லிவோல்ட்டில் அலறும் இயர்போனுக்கு அந்தக் கசிவு பெரிய விஷயம். ஆம்ப் ஒரு சார்ஜரோடும், பாட்டு வரும் லேப்டாப் இன்னொரு சார்ஜரோடும் இணைந்திருந்தால் கசிவு சுற்றிவர ஒரு வளையமே கிடைத்துவிடுகிறது. அதில் ஒரு வயரை உருவினால் ரீங்காரம் நின்றுபோகும். எர்த் உள்ள மூன்று பின் சார்ஜர் போட்டாலும் பெரும்பாலும் அடங்கும்.

தயாரிப்பாளர்கள் இதற்கு வெவ்வேறு வழி பிடித்தார்கள். பிரிட்டனின் கார்ட் நிறுவனம் 2015-இல் விட்ட மோஜோவில் தரவுக்கு ஒரு துளை, சார்ஜுக்கு இன்னொரு துளை. ஐஃபை நிறுவனத்தின் மைக்ரோ ஐ.டி.எஸ்.டி. கருவியில் ஓர் ஒழுங்குமுறை உண்டு. முதலில் ஆன் செய்துவிட்டுப் பிறகு கணினியில் செருகினால் பேட்டரியில் ஓடும், செருகிவிட்டு ஆன் செய்தால் கணினியின் மின்சாரத்தில் ஓடும். கையேட்டைப் படிக்காதவர் ‘கணினியில் செருகித்தான் கேட்கிறேன், ஏன் பேட்டரி தீர்கிறது?’ என்று தலையைச் சொறிந்துகொண்டிருப்பார்.

கேட்டுக்கொண்டே ஏற்றுவதில் பேட்டரிக்கும் சங்கடம் உண்டு. மலிவான கருவிகளில் பேட்டரியும் ஆம்பும் ஒரே வாயிலிருந்து தின்கின்றன. ஆம்ப் இழுக்கும் மின்னோட்டத்தையும் பேட்டரிக்குப் போவதாகவே ஐசி நினைத்துக்கொள்ளும். ‘நிரம்பிவிட்டது’ என்ற முடிவுக்கு அதனால் வரவே முடியாமல், பேட்டரி மணிக்கணக்கில் 4.2 வோல்ட்டிலேயே தொங்கிக்கொண்டிருக்கும், சூட்டோடு. லித்தியத்துக்கு ஆகாத இரண்டும் இவைதான்: நிரம்பிய வயிறு, வெப்பம்.

பொதுவாக 0 முதல் 45 டிகிரி வரைதான் ஏற்றலாம் என்று பேட்டரித் தயாரிப்பாளர்கள் வரையறுக்கிறார்கள். குளிர்நாட்டுக்காரர்களுக்குக் கீழ் எல்லை கவலை. உறைநிலைக்குக் கீழே ஏற்றினால் லித்தியம் உலோகமாகவே படிந்துவிடும். வேலூருக்கும் திருச்சிக்கும் மேல் எல்லைதான் கவலை. மே மாதத்தில் நிழலிலேயே நாற்பதைத் தாண்டும் ஊரில், கண்ணாடி ஏற்றிய காருக்குள் ஆம்பை வைத்து சார்ஜ் போடுவது பேட்டரியின் ஆயுளைக் கையால் கிள்ளி எறிவது. ஃபேனுக்குக் கீழே, உறை கழற்றி, துணிமேல் அல்லாமல் மேஜைமேல் வைத்து ஏற்றினால் போதும்.

ஆம்பை மாதக்கணக்கில் தொடப் போவதில்லை என்றால் பாதி ஏற்றி வைக்க வேண்டும். நிரப்பி வைத்தால் முதுமை சீக்கிரம் வரும். காலியாக வைத்தால் நிலைமை இன்னும் மோசம். பாதுகாப்புச் சுற்று சொட்டுச் சொட்டாக உறிஞ்சுவதில் அறை 2.5 வோல்ட்டுக்கும் கீழே போய்விடும். இன்னும் கீழே இறங்கினால் எதிர்மின்வாயின் தாமிரத் தகடு கரையத் தொடங்கும். மறுபடி ஏற்றும்போது கரைந்த தாமிரம் கண்ட இடத்தில் படிந்து உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகலாம். அதனால்தான் நல்ல சார்ஜிங் ஐசி அப்படிப்பட்ட அறைக்கு முதலில் துளித்துளியாகக் கொடுத்துப் பார்க்கிறது, தேறவில்லை என்றால் விளக்கைச் சிமிட்டிவிட்டுக் கைவிடுகிறது.

இரைச்சல் சார்ஜர் வழியாக மட்டும் வருவதில்லை. பழைய ஜிஎஸ்எம் போன் வைத்திருந்தவர்களுக்கு இன்னொன்று நினைவிருக்கும். அழைப்பு வருவதற்குச் சற்று முன்னால் ஸ்பீக்கர் ‘டிர்ர் டிர்ர்’ என்று துடிக்கும். அந்தப் போன்கள் நொடிக்கு 217 தடவை துண்டு துண்டாக அலை அனுப்பியதே காரணம். 217 ஹெர்ட்ஸ் நம் காது நன்றாகக் கேட்கும் பகுதி. ரப்பர் பேண்டால் போனோடு கட்டிய ஆம்ப் அதை வாங்கிப் பெருக்கிக் காதில் கொட்டியது. 4ஜியில் இந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்துவிட்டது. இரைச்சல் வந்தால் ஆம்பைப் போனிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்துப் பார்ப்பது இன்றும் முதல் மருந்து.

இப்போது பல கருவிகளில் இருக்கும் 4.4 மில்லிமீட்டர் ‘பேலன்ஸ்டு’ துளையில் ஒவ்வொரு காதுக்கும் இரண்டு பெருக்கிகள் எதிரெதிராக இழுக்கின்றன. வோல்ட் இரட்டிப்பாகும், சக்தி நான்கு மடங்கு வரை போகலாம். மாற்றுச் செருகி வாங்கி அதில் சாதாரண ஹெட்போனைப் போடுவது மட்டும் கூடாது. சாதாரண ஹெட்போனில் இரு காதுக்கும் திரும்பு கம்பி ஒன்றுதான். இடது பக்கத்தின் ஒரு பெருக்கியையும் வலது பக்கத்தின் ஒரு பெருக்கியையும் அது வாயோடு வாய் கட்டிவிடும்.

இத்தனை பேசியும் ஓர் எச்சரிக்கை பாக்கி. 85 டெசிபலில் எட்டு மணி நேரம் வரை கேட்கலாம் என்றால், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகிறது என்பது அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனத்தின் கணக்கு. 94-இல் ஒரு மணி நேரம், 100-இல் பதினைந்து நிமிஷம். நாலரை வோல்ட் தரும் பெட்டியைக் கையில் வைத்திருப்பவர், அது உச்சத்துக்கான கையிருப்பு, தினசரிச் செலவுக்கு அல்ல என்பதை மறந்தால் பெட்டி நினைவுபடுத்தாது.

சில வருஷங்களில் எந்த லித்தியம் ஆம்பின் பேட்டரியும் தளரும். சிலவற்றில் உப்பும். மூடி லேசாக எழும்பி நிற்பது, மேஜையில் வைத்தால் ஆடுவது, பொத்தான் அமுங்காமல் சிக்குவது இதன் அடையாளம். அப்புறம் ஏற்றவும் கூடாது, குத்திப் பார்க்கவும் கூடாது. இந்தியாவில் 2022-இன் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் கையடக்கக் கருவிகளின் பேட்டரிகளையும் சேர்த்துக்கொண்டு, அவற்றைத் திரட்டி மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பைத் தயாரிப்பாளர், இறக்குமதியாளர் தலையில் வைத்திருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் ஒரு படி மேலே போய், 2027 பிப்ரவரி முதல் கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயன்படுத்துபவரே கழற்றி மாற்ற முடிய வேண்டும் என்று விதித்திருக்கிறது. ஒட்டி மூடிய அலுமினிய உடம்புகளுக்கு அது பெரிய சோதனை. இப்போதைக்கு, வாங்கப் போகிறவர் ஆம்பின் பின்பக்கத்தைத் திருப்பி, நாலு திருகாணியாவது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு விலை கேட்கலாம்.